லெவல் சரியா இருந்தா போதுமா? காரின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில்: வீட்டிலேயே எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கொல்லிமலையில் இருந்து காரவள்ளி நோக்கி ஒரு கார் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கில் கால். பாதி மலை இறங்கியதும் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. அடுத்த வளைவில் இன்னும் ஆழம். அதற்கடுத்த வளைவில் பஞ்சை மிதித்த மாதிரி பொசுக்கென்று உள்ளே போய்விடுகிறது. ஓட்டுபவர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது. மறுநாள் பட்டறையில் காட்டினால், "பிரேக் நல்லாத்தானே இருக்கு சார், ஆயிலும் லெவல் கரெக்டா இருக்கு" என்று பதில் வருகிறது. அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனாலும் நேற்று பிரேக் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

இது எப்படி? டப்பாவில் ஆயில் இருந்தது, ஆனால் அந்த ஆயில் கெட்டுப்போயிருந்தது. காரில் ஓடும் எல்லாத் திரவங்களுக்கும் பொருந்துகிற விஷயம் இது. அளவு சரியாக இருப்பது வேறு, தரம் சரியாக இருப்பது வேறு. குறைந்ததை ஊற்றி நிரப்புவது வேறு, பழையதை எடுத்துவிட்டுப் புதிதை மாற்றுவது வேறு.

இதையெல்லாம் வீட்டு வாசலிலேயே செய்யலாமா? சிலவற்றைத் தாராளமாகச் செய்யலாம். சிலவற்றைத் தொடவே கூடாது. எதை, எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காரில் என்னென்ன திரவங்கள் ஓடுகின்றன?

பெட்ரோல், டீசலை விட்டுவிட்டால் முக்கியமானவை நான்கு.

இன்ஜின் ஆயில்: உள்ளே உரசும் பாகங்களுக்கு இடையில் மெல்லிய படலமாக நிற்கிறது. கரியையும் அழுக்கையும் சுமக்கிறது.

கூலன்ட்: இன்ஜினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. உள்ளே துரு பிடிக்காமலும் காக்கிறது.

பிரேக் ஆயில்: பெடலில் காலால் கொடுக்கும் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கடத்துகிறது. பெயர்தான் ஆயில். பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம், எண்ணெய் அல்ல.

கியர் ஆயில்: கியர்பாக்ஸுக்குள் இருப்பது. மேனுவல் கியருக்கு ஒரு வகை, ஆட்டோமேட்டிக்குக்கு வேறு வகை.

பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் ஆயில் என்று ஐந்தாவதும் உண்டு. இப்போது வரும் பெரும்பாலான சிறிய கார்களில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார்தான் உதவுகிறது. அவற்றில் இந்த ஆயிலே கிடையாது.

எதை முதலில் கற்றுக்கொள்ளலாம்?

எது சுலபம் என்று பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம். தப்பாகிவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் சரி.

இன்ஜின் ஆயிலில் தப்பு செய்தால், மோசமான நிலையில் இன்ஜின் போகும். பெரிய பணநஷ்டம். ஆனால் பெரும்பாலும் ஒழுகல் கண்ணுக்குத் தெரியும், எச்சரிக்கை விளக்கும் எரியும். கூலன்டில் தப்பு செய்தால் இன்ஜின் சூடேறி நிற்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் உடம்பு வெந்துபோகும். பிரேக் ஆயிலில் தப்பு செய்தால் வண்டி நிற்காது. உள்ளே இருப்பவர்களின் உயிர் மட்டுமல்ல, எதிரே வருபவர் உயிரும் அதில் இருக்கிறது.

கற்றுக்கொள்ளும் வரிசையும் இதுவேதான்: முதலில் இன்ஜின் ஆயில், பிறகு கூலன்ட், கடைசியாகத்தான் பிரேக்.

வேலை தொடங்கும் முன்...

முதலில் எடுக்க வேண்டியது காரோடு வந்த கையேடு. எந்தத் தரத்தில் ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே மாடலின் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்குமே இவை மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றியதை நம் வண்டிக்கு ஊற்ற முடியாது.

இரண்டாவது, வண்டிக்கு அடியில் போவது. ஸ்டெப்னி மாற்றக் கொடுத்திருக்கும் ஜாக்கி, டயர் கழற்றி மாட்ட மட்டும்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் வைத்து முட்டுக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து. பாரம் ஏறும்போது அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். கெட்டியான சமதளம், எடையைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் அல்லது சாய்வு ராம்ப், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இவை இல்லையென்றால் அடியில் போகும் வேலையே வேண்டாம்.

இன்ஜின் ஆயில்: முதல் முயற்சிக்கு ஏற்றது

இந்தியாவில் ஓடும் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று கையேடு சொல்கிறது. "வண்டி ஓடவே இல்லை, எதுக்கு மாத்தணும்?" என்பது வழக்கமான கேள்வி. அதிகம் ஓடாத வண்டியின் ஆயிலும் கெடும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. அதனால் உள்ளே உருவாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன.

செய்முறை இதுதான். ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்த உடனே திறந்தால் கை பொத்துப்போகும். மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றி, அகலமான தட்டில் பிடிக்க வேண்டும். பதினைந்து நிமிடமாவது வடியவிடலாம்.

அடுத்து ஆயில் ஃபில்டர். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் வழுக்குகிறார்கள். டப்பா போலச் சுற்றிக் கழற்றும் வகை ஃபில்டரில், பழையதைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புதியதை மேலே முடுக்கினால் இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, ஓடும்போது ஆயில் பீய்ச்சி அடிக்கும். விரலால் தடவிப் பார்ப்பது ஒரு நொடி வேலை. புதிய ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, அது உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று முடுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்றுபவர் பாடு திண்டாட்டம்தான்.

வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட வேண்டும். அலுமினிய ஆயில் பேனில் பலமெல்லாம் காட்டி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கலாம்.

பிறகு கையேடு சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் பார்த்து மீதியை ஊற்ற வேண்டும். "கூட ஊத்துனா நல்லதுதானே?" இல்லை. அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பாகங்களுக்குப் பாதுகாப்பு தராது.

'ஃப்ளஷ்' பாட்டில் வாங்கலாமா?

கடையில் ஆயிலோடு சேர்த்து, "இதை ஊத்தி ஓட்டிட்டு வடிச்சா உள்ளே பளபளன்னு ஆயிடும்" என்று ஒரு சிறிய பாட்டிலையும் காட்டுவார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த இன்ஜினுக்கு இது தேவை இல்லை. புதிய ஆயிலிலேயே அழுக்கை அள்ளும் ரசாயனம் கலந்திருக்கிறது. பல வருடம் ஆயில் மாற்றாமல் கசடு கட்டிப்போன இன்ஜினில் ஊற்றினாலோ ஆபத்து. கட்டிகட்டியாகப் பெயரும் கசடு, ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு, நல்ல ஆயிலைக் குறைந்த இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவதே பாதுகாப்பான வழி.

கூலன்ட்: ஃப்ளஷ் செய்ய வேண்டியது இதைத்தான்

"நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது? தண்ணி ஊத்துனா போதாதா?" தமிழ்நாட்டில் பரவலாகக் கேட்கும் கேள்வி இது. உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. நம் ஊருக்கு அதன் மற்ற இரண்டு வேலைகள் முக்கியம்.

ஒன்று, கொதிநிலையை உயர்த்துவது. வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர் கலந்தால் அதைவிடச் சில டிகிரி மேலே போகும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேரும்போது 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும்.

இரண்டு, துருவைத் தடுப்பது. கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு ரசாயனங்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகின்றன. நிறம் அப்படியே இருக்கும், லெவலும் குறைந்திருக்காது. ஆனால் உள்ளே இரும்பும் அலுமினியமும் அரிக்கத் தொடங்கியிருக்கும்.

இதில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கேட்கவே வேண்டாம். வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் படிகிற அதே வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அதனால் கழுவுவதற்கும் கலப்பதற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். பேட்டரி தண்ணீர் என்று கடையில் கேட்டு வாங்கும்போது, லேபிளில் டிஸ்டில்டு அல்லது டிமினரலைஸ்டு என்று இருக்கிறதா, அது ஆசிட் இல்லையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் நிறம். பச்சை, சிவப்பு, நீலம், பிங்க் என்று பல நிறங்களில் கூலன்ட் வருகிறது. நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு கூலன்ட்டுகள் வேறு வேறு வகையாக இருக்கலாம். வகை மாறிக் கலந்தால் துருத்தடுப்புத் திறன் குறையும், சில நேரம் கூழ் போலத் திரியும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, கையேடு சொல்லும் வகையை.

கூலன்ட் மாற்றும்போது முதல் விதி: இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இதே ஆபத்துதான்.

ரேடியேட்டரின் அடியில் உள்ள திருகையோ கீழ்க் குழாயையோ கழற்றி வடிக்கலாம். ஆனால் அப்படி வடிப்பதில் எல்லாம் வந்துவிடாது. ஒரு வண்டியின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடித்தால் 3 லிட்டர் வருகிறது. மீதி 2 லிட்டர் இன்ஜினின் உள்ளே நிற்கிறது. இப்போது 3 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டால், உள்ளே பழையதின் பங்கு 40 சதவீதம். மறுபடி வடித்து ஊற்றினால் 16 சதவீதம். மூன்றாவது முறை சுமார் 6 சதவீதம். ஃப்ளஷ் என்பது இவ்வளவுதான். வடிவது தெளிந்த தண்ணீராக வரும்வரை செய்யலாம்.

ஒவ்வொரு முறையும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டால்தான் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் முழுக்கச் சுற்றும். நம் ஊரில் யாரும் தொடாத ஏசி ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைக்க வேண்டியதும் இப்போதுதான். ஹீட்டருக்குள் நிற்கும் பழைய கூலன்டும் அப்போது வெளியேறும். வடிப்பதற்கு முன் மறுபடியும் முழுக்க ஆறவிட வேண்டும். அதனால் இது ஒரு மணி நேர வேலை இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேண்டும்.

கடைசியில் ஒரு கணக்கு. உள்ளே 2 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கிறது. 'தண்ணீர் கலந்து தயார்' என்று விற்கும் கூலன்டை 3 லிட்டர் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கான்சன்ட்ரேட் 2.5 லிட்டரும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரும் ஊற்றினால்தான் 5 லிட்டரில் சரிபாதி வரும். இந்தக் கணக்கைப் போடாமல் விட்டால் ஃப்ளஷ் செய்ததன் பலனில் பாதி போய்விடும்.

நிரப்பும்போது உள்ளே காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்வது உண்டு. ஏர் லாக் என்பார்கள். இன்ஜின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், ஏர் லாக் இருக்கிறது அல்லது கூலன்ட் குறைவு என்று பொருள். அந்த நிலையில் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. சில கார்களில் காற்றை விடத் தனித் திருகு இருக்கும், கையேட்டில் பார்க்கலாம். சரியானதும் இரண்டு மூன்று நாள் தினமும் காலையில் லெவலைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் குழந்தை, நாய் இருந்தால்...

எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தரையில் சிந்தியதை நாய் நக்கும், பூனையும் நக்கலாம். பிங்க் நிறத்தில் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தைக்கு அது சர்பத் மாதிரிதான் தெரியும். உள்ளே போனால் சிறுநீரகத்தைப் பழுதாக்கி உயிரையே எடுக்கும் நஞ்சு இது. 2022-ல் காம்பியா நாட்டுக் குழந்தைகளின் மரணத்தையொட்டி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்த இருமல் மருந்துகளில் கண்டறியப்பட்ட இரண்டு நச்சுகளில் ஒன்று இதே எத்திலீன் கிளைக்கால்.

எனவே குளிர்பானப் பாட்டில், தண்ணீர் கேன் எதிலும் ஊற்றி வைக்கக் கூடாது. சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் கூலன்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பிரேக் ஆயில்: குறையாததால் மறக்கப்படுவது

இப்போது கொல்லிமலைக்குத் திரும்பலாம்.

இன்ஜின் ஆயில் கறுக்கும், குறையும். கூலன்ட் குறைந்தால் வண்டி சூடேறிக் காட்டிக்கொடுக்கும். பிரேக் ஆயில் மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். பிரேக் பேட் தேயத் தேயக் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். அதனால்தான் பத்து வருடம் ஆன வண்டியிலும் ஒருமுறைகூட மாற்றாத பிரேக் ஆயில் இருக்க வாய்ப்புண்டு.

இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய்கள் வழியாகவும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போகும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை சரியும். டாட் 3 என்ற தரத்துக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் 140 டிகிரி. டாட் 4 தரத்துக்கு 230-ல் இருந்து 155 டிகிரி. அதாவது 100 மில்லியில் 4 மில்லிக்கும் குறைவான ஈரம், 75 டிகிரி பாதுகாப்பைத் தின்றுவிடும்.

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. மலையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போதுதான் டிஸ்க் பழுக்கச் சூடாகி, அந்தச் சூடு திரவத்துக்கு ஏறுகிறது. திரவம் கொதித்தால் குமிழ் வரும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் பெடலின் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவியையோ சுருக்க முடியும். காலின் பலமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். வேப்பர் லாக் என்பது இதுதான். ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகிவிடும். மறுநாள் பட்டறையில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் அதுவே.

இன்னொரு வகைக் கோளாறும் மலையில் வரும். பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அது பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானதால் வருவது. பெடல் பஞ்சு மாதிரி ஆனால் சந்தேகம் திரவத்தின் மேல்தான். இரண்டையுமே தள்ளிப்போட ஓட்டுநர்கள் பழைய காலத்தில் இருந்து சொல்லும் வழி ஒன்று உண்டு: ஏறிய கியரிலேயே இறங்கு.

பல கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கின்றன.

இதை வீட்டில் செய்யலாமா?

வேலை சிக்கலானது இல்லை. இரண்டு பேர் வேண்டும். டப்பாவில் உள்ள பழைய திரவத்தைப் பெரிய சிரிஞ்சால் முடிந்தவரை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவார்கள். சக்கரத்தின் பின்னால் உள்ள பிளீடர் நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் விடுவார்கள். பிறகு ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடிச்சுக்கோ... விட்டுடாத."

நிப்பிளைத் திறந்தால் பழைய திரவம் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் "இப்ப விடு". மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். புதிய திரவம் குமிழ் இல்லாமல் வரும்வரை செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது கையேட்டில் இருக்கும்.

தப்பு நடப்பது ஐந்து இடங்களில். மேலே டப்பா காலியாகிக் காற்று புகுவது. பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதித்து மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரைக் கிழிப்பது (பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்தால் தப்பிக்கலாம்). போன வருடம் திறந்து வைத்த பாட்டிலையே பயன்படுத்துவது. பிரேக் டப்பாவில் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றிவிடுவது. அது உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாவற்றையும் ஊதிப்போகச் செய்யும். ஐந்தாவது, பெயின்ட். சிந்திய பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஏபிஎஸ் உள்ள சில கார்களில் காற்று முழுக்க வெளியேற ஸ்கேனர் கருவி தேவைப்படும். அது வீட்டில் இருக்காது.

அதனால் முதல்முறை செய்பவர் தனியாக இறங்க வேண்டாம். பழகிய மெக்கானிக்கிடம் சொல்லி, "அண்ணே, பிரேக் ஆயிலை முழுசா மாத்துங்க, நானும் கூட நிக்கிறேன், பெடல் நான் மிதிக்கிறேன்" என்று கேட்கலாம். சீல் உடைக்காத பாட்டிலை வாங்கிக் கொடுக்கலாம். நான்கு சக்கரத்திலும் வடிக்கிறாரா என்று பார்க்கலாம். மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினால், சக்கரத்துக்குப் பக்கத்தில், அதாவது சூடேறும் இடத்தில், பழைய திரவம் அப்படியேதான் நிற்கும்.

யார் செய்தாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். இன்ஜினை அணைத்து மிதித்தால் பெடல் மேலேயே கெட்டியாக நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். பிறகு ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பலமுறை பிடித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

வீட்டில் தொடவே கூடாதவை

ஆட்டோமேட்டிக், சிவிடி கியர்பாக்ஸ் ஆயில்: பலவற்றில் டிப் ஸ்டிக்கே இருக்காது. குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் லெவல் பார்க்க முடியும். வகை மாறினால் கியர்பாக்ஸே போகும்.

ஏசி கேஸ்: அழுத்தத்தில் அடைத்திருப்பது. வெளியேறினால் தோலையும் கண்ணையும் உறையவைக்கும்.

எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட்: உயர் மின்னழுத்தப் பாகங்களோடு இணைந்தது. அந்த வண்டிகளிலும் பிரேக் ஆயில் உண்டு, அதற்கும் வயதாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நாமே மாற்றினால் வாரன்டி போய்விடுமா?

வெளியில் சர்வீஸ் செய்தால் வாரன்டி மொத்தமும் ரத்து என்று பயமுறுத்துவது உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனார் என்பதற்காக மட்டும் வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. அதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் சென்றன.

ஆனால் நாம் செய்த வேலையால்தான் பாகம் கெட்டது என்றால் அதற்கு வாரன்டி கேட்க முடியாது. எனவே வாரன்டி காலம் முடியும்வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்வது தலைவலி இல்லாதது. வீட்டில் செய்தால் பில், ஆயிலின் தரக் குறியீடு, தேதி, கிலோமீட்டர் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றுவது, புழுதி அடங்கட்டும் என்று மண்ணில் ஊற்றுவது, கரையான் வராது என்று மரக்கட்டையில் பூசுவது. மூன்றுமே நம் ஊரில் நடக்கிறது. மூன்றுமே தவறு. பயன்படுத்திய ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோயை உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கின்றன. ஒருமுறை மாற்றும்போது வடியும் ஆயில், சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரை மாசுபடுத்தப் போதும் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ், பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு.

எளிய வழி இது. புதிய ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, 'பழைய ஆயில்' என்று பெரிதாக எழுதி, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரிலோ பட்டறையிலோ ஒப்படைக்கலாம். பெரும்பாலான பட்டறைகளில் பேரல் வைத்திருப்பார்கள். கூலன்டையும் பிரேக் ஆயிலையும் அதோடு கலக்காமல் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மிஞ்சும் காலி டப்பாவைக் குத்தி ஓட்டை போட்டுவிட்டே தூக்கிப்போட வேண்டும். இல்லையென்றால் அதிலேயே போலி ஆயில் நிரம்பிக் கடைக்கு வரலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது

ஸ்பேனர் எதுவும் வேண்டாம். பேனட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் என்ன தரம் போட்டிருக்கிறது என்று பார்க்கலாம், டாட் 3-யா, டாட் 4-ஆ என்று. மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு சர்வீஸ் பில்களை எடுத்து, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தேடலாம். 'டாப் அப்' என்று மட்டும் இருந்தால் அது கணக்கில் சேராது. தேதியே கிடைக்கவில்லை என்றால் அந்தத் திரவத்துக்கு வண்டியின் வயது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் முன், டயரில் காற்று பார்ப்பதோடு இந்த ஒரு தேதியையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.